குதிருக்குள் இறங்கியவள்

குதிர் வழக்கொழிந்து போனதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், நெல் கொட்டி வைக்கும் மண் கூட்டைப் பற்றி எழுத வந்தவள் இப்போது பெருமூச்சு விடப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வீர்கள். தகர டிரம்மை எலி கடிக்காது, மழை கரைக்காது, வீடு மாறும்போது உருட்டிக்கொண்டே போய்விடலாம். நாங்கள் இப்போது இருக்கும் வடக்குத்தில் எங்கள் வீட்டு அரிசி டிரம்மில்தான் இருக்கிறது. நான் எழுத வந்தது ஒரு வார்த்தையைப் பற்றி. அந்த வார்த்தையை நம்பி ஒரு கோடை முழுக்க நான் சேறு மிதித்தேன்.

நிலக்கரி மைன்ஸ் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் பிளாக்குகள் முடிந்து முந்திரி மரங்கள் தொடங்கும் இடத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். நிஜமாகவே கொண்டுவந்துதான். மைன்ஸ் வருவதற்காகக் காலி செய்த ஓர் ஊரிலிருந்து கதவு, தூண், உத்தரம், ஓடு என்று ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதிப் பிரித்து, பல வருஷம் ஏதோ ஷெட்டில் போட்டு வைத்திருந்தார்களாம். பிறகு ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து ஒரு கமிட்டி வைத்து, அதை எடுத்து மறுபடி கட்டினார்கள். பண்ணை அருங்காட்சியகம் என்று பலகை எழுதியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் மியூசியம் வூடு.

அந்த ஊர் எங்கள் ஊர். அந்த வீடு எங்கள் வீடு இல்லை. அந்த வீட்டு நிலத்தில் நடவு நட்டதும் களை எடுத்ததும் அறுத்ததும் எங்கள் வீட்டுப் பெண்கள். ஊரைக் காலி செய்தபோது அந்த வீட்டார் குவார்ட்டர்ஸுக்குப் போனார்கள், நாங்கள் டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்துக்கு வந்தோம். எனக்கு அப்போது பத்து வயது.

அந்த வீட்டின் கடைசிப் பெண்ணும் நானும் டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. ஊரில் இருந்தவரை அவள் வாசலில் விளையாடுவாள், நான் புழக்கடையில் அம்மாவுக்காகக் காத்துக்கொண்டிருப்பேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது டவுன்ஷிப்புக்கு வந்த பிறகுதான். அங்கே யாருக்கும் எங்கள் ஊர் தெரியாது. மதுரைப் பிள்ளை, கோயம்புத்தூர்ப் பிள்ளை, திருநெல்வேலிப் பிள்ளை என்று எல்லா ஜில்லாவும் ஒரே வகுப்பில் இருந்தன. 'வூடு' என்று நான் சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள். அவள் சொன்னாலும் சிரிப்பார்கள். அதனாலேயே நாங்கள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டோம். கேலி செய்கிறவன் நடுவில் நிற்கும்போது மேலே கீழே எல்லாம் மறந்து போகிறது.

பள்ளிக்கூடம் முடிந்து அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை மைன்ஸில் பர்மனென்ட், தெற்கத்திக்காரர். நான் டவுன்ஷிப் பூங்காக்களில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனேன், தபாலில் பி.ஏ. தமிழ் படித்தேன், வேலை அதேதான் இருந்தது. கடைத்தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்தி வாயாரப் பேசுவாள். அவ்வளவுதான் பழக்கம், ஆனால் பொய்யில்லாத பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன பங்குனிக் கடைசியில் அவளிடமிருந்து போன் வந்தது. மியூசியம் வீட்டுக்கு அவள்தான் கமிட்டியில் பொறுப்பு. பிறந்த வீடாயிற்றே.

"ஏய், லீவு வுட்டதும் பிள்ளைங்க எல்லாம் வரும்டி. பானை வனையறவரு வராரு, பாய் பின்றவங்க வராங்க, மேல்பட்டாம்பாக்கத்துலேந்து ஒருத்தர் வந்து ஓலையில பொம்மை பண்ணித் தரேன்னாரு. கூடத்துல ஒரு குதிர் நிக்கணும். இருந்தது ஒடைஞ்சி போச்சி. யாருக்குப் பண்ணத் தெரியும்னு கேட்டாங்க. நம்ம ஆளு ஒருத்தி இருக்கான்னு சொல்லிட்டேன்."

நம்ம ஆளு. போனை வைத்த பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. நாற்பத்தைந்து வயதில், பூவரச மரத்தடியில் குப்பை வாரிக்கொண்டு, ஒரு வார்த்தைக்காக முகம் மலர்ந்து நிற்கிறேன். தமிழில் 'நாங்கள்' வேறு, 'நாம்' வேறு. ஒன்றில் கேட்கிறவள் வெளியே நிற்பாள், இன்னொன்றில் உள்ளே வந்துவிடுவாள். படித்த பி.ஏ.வுக்கு இதையாவது கவனிக்க வேண்டாமா. மேஸ்திரியிடம் சொல்லி இரண்டு மாதத்துக்கு என்னை மியூசியம் வீட்டுக்கு மாற்றிக்கொண்டேன்.

குதிர் எப்படிச் செய்வது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். களிமண்ணில் உமியும் நறுக்கிய வைக்கோலும் போட்டு நாலைந்து நாள் ஊறவைத்து மிதிக்க வேண்டும். பிறகு ஆள் இறங்கும் அகலத்துக்கு வளையம் வளையமாக, ஒவ்வொன்றும் ஒரு முழ உயரத்துக்கு, மண்ணை ஏற்றி வளைக்க வேண்டும். இந்த வளையத்துக்கு உறை என்று பெயர். ஐந்து உறை செய்து, காயவைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவிலிருக்கும் ஒட்டுகளைப் பூசினால் குதிர். அடி உறையில் ஒரு துளை இருக்கும். அதுதான் வாய். துணிப்பந்தை உருவினால் நெல் கொட்டும்.

அடுக்கி முடித்த குதிர் எந்த வாசலிலும் நுழையாது. அதனால் வீட்டுக்குள் வைத்துத்தான் அடுக்க வேண்டும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. உறை செய்தது எங்கள் அம்மா மாதிரியான பெண்கள். செய்தது புழக்கடையில். காய்ந்த உறைகளை உள்ளே தூக்கிப் போனது அந்த வீட்டு ஆண்கள். அடுக்கி ஒட்டுப் பூசியது அந்த வீட்டுப் பெண்கள். உள்ளே வராதே என்று யாரும் சொன்னதாக அம்மா சொன்னதில்லை. போவதில்லை, அவ்வளவுதான். வருஷா வருஷம் சித்திரை வெயிலில் உறை வளைத்த என் அம்மா, ஒரு குதிர் முழுசாக நின்று பார்த்ததே இல்லை.

"எவ்ளோ ஒயரம் வரும்மா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"யாரு கண்டா? அஞ்சு ஒற வாங்குவாங்க" என்றாள்.

அதனால் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "குதிரத் தொறந்து காட்டற அன்னிக்கி நீ வரணும். கூடத்துக்குள்ளயே கூட்டினு போயி காட்டறேன். உன் ஒற எப்படி நிக்கிதுன்னு பாரு." அம்மா பெட்டியிலிருந்து ஊதாச் சேலையை எடுத்து வெயிலில் போட்டாள்.

எனக்கு உறை வளைக்க வரும். பள்ளிக்கூட லீவில் அம்மாவோடு புழக்கடையில் மண் வளைத்துப் பழகிய கை. கமிட்டிக்காரர்கள் மைன்ஸ் பக்கத்திலிருந்து ஒரு டிப்பர் களிமண் கொண்டுவந்து கொட்டினார்கள். நல்ல மண். தோண்டியெடுத்துத் தலைகீழாகப் புரட்டிய எங்கள் ஊராகவும் இருக்கலாம், யார் கண்டது. பத்து நாளில் ஐந்து உறை ஏற்றிவிட்டேன். அவளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். மிதிக்கத் தெரியாமல் மிதித்து, வழுக்கி உட்கார்ந்து, இடுப்பு வரைக்கும் சேறானாள். பாய் பின்னும் அம்மாக்கள் சிரித்துச் சிரித்துக் கோரையைத் தவறவிட்டார்கள்.

கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. காலையில் எட்டு மணிக்கே பிள்ளைகள் வந்து இறங்கும். கிணற்றடியில் ஏற்றத்தைப் பிடித்துத் தொங்கும், பானைச் சக்கரத்தில் கையை வைத்து மூக்கில் பூசிக்கொள்ளும். ஒரு பிள்ளை உறைக்குள் உட்கார்ந்துகொண்டு, "ஆன்ட்டி, இது ஸ்விம்மிங் பூலா?" என்று கேட்டது. மதியத்துக்கு மேல் எல்லாம் ஐஸ் வண்டியைச் சுற்றி நிற்கும். வேலை முடிந்து அவளும் நானும் பலா மரத்தடியில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த புளிச்சோற்றைச் சாப்பிடுவோம். மற்றவர்கள் முன்னால் நான் அவளை மேடம் என்று கூப்பிட்டேன். "இன்னொரு வாட்டி மேடம் கீடம்னு சொன்ன, இந்தச் சேத்துலயே அமுக்கிடுவேன்" என்றாள். அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருவதில்லை. அதுதான் இன்னும் கோபமாக இருக்கிறது.

உறைகள் காய்ந்ததும் பூங்கா வேலைக்காரர்கள் நாலு பேர் கூடத்துக்குத் தூக்கி வந்தார்கள். நான் பின்னாலேயே நடந்து வந்தேன். புழக்கடை நிலைப்படியில் ஒரு நொடி கால் தயங்கியது உண்மைதான். டிக்கெட் வாங்கியவன் எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற வீடு, இதற்கு என்ன தயக்கம் என்று என்னையே திட்டிக்கொண்டு உள்ளே போனேன். நான்தான் நின்று அடுக்கச் சொன்னேன். இது அடி, இது அதற்கு மேல் என்று கை காட்டினேன். ஐந்தையும் ஏற்றிப் பார்த்துவிட்டு அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி, வாய் எங்கடி இருக்குது?"

வாய் அடி உறையின் மேல் விளிம்பில் இருந்தது. தரையிலிருந்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கீழே.

"அதுக்குக் கீழ இருக்கிற நெல்லு எப்படிடீ வெளிய வரும்? எகிறிக் குதிச்சா?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. வாய் வைத்த உறையைக் காயப்போடும்போது அம்மா எப்போதும் கவிழ்த்துத்தான் வைப்பாள், அந்தப் பக்கம் வெயில் பட்டு விரிசல் விடாமல் இறுகட்டும் என்று. நான் பிறந்ததிலிருந்து பார்த்த வாய் எல்லாம் மேலே இருந்த வாய்தான். நிமிர்த்தி நின்ற ஒன்றை நான் கண்டதில்லை. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அதை அவளிடம் அப்படியே சொன்னேன். எங்கள் வீட்டில் யாருமே பார்த்ததில்லை, அம்மாவுக்கே உயரம் தெரியாது, திறப்பு அன்றைக்குக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் மாறியது. என் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "சிரிச்சிட்டேன்டி, மன்னிச்சிக்க" என்றாள். பிறகு இரண்டு பேரும் அந்தத் தலைகீழ் வாயைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அடுக்கியதைப் பிரித்து மறுபடி நேராக அடுக்கினோம். ஒட்டுப் பூசுவது எனக்குத் தெரியாது. நான் வெறும் மண்ணை அப்பினேன், மறுநாள் பாளம் பாளமாக விழுந்தது. அவளுக்குத்தான் ஞாபகம் வந்தது. பழைய வேட்டியைக் கிழித்து மண் குழம்பில் தோய்த்து ஒட்டின்மேல் சுற்றுவார்களாம். உள்பக்கம் பூச ஒரு சின்னப் பிள்ளையை இறக்குவார்களாம். "என்னத்தான் எறக்குவாங்க. இப்ப நான் எறங்கினா குதிரு தாங்காது, நீ ஒல்லி" என்றாள். நான் இறங்கினேன். எல்லாவற்றையும் திரும்பப் பிரித்து, ஒவ்வொரு உறையாக ஏற்ற ஏற்ற, ஸ்டூல் போட்டு இறங்கி, ஒரே ஒட்டை நான் உள்ளிருந்தும் அவள் வெளியிலிருந்தும் பூசினோம். உள்ளே இருட்டு, உமி வாசனை, புழுக்கம். அவள் விரல் எந்த இடத்தில் அழுத்துகிறது என்று என் விரலுக்குத் தெரிந்தது.

"நம்ம குதிருடி இது" என்று வெளியிலிருந்து அவள் சொன்னாள். குரல் மண்ணைத் தாண்டி மொத்தையாகக் கேட்டது. நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு கொஞ்சம் அழுதேன். வேர்வை என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் பார்க்கவில்லை.

பக்கத்தில் வைக்க ஒரு பலகை எழுத வேண்டும், நீதான் தமிழ் படித்தவள், நீயே எழுது என்றாள். நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: "உறை வளைத்தவர்கள் இந்த வீட்டுக்கு வெளியே இருந்தார்கள். ஒட்டுப் பூசியவர்கள் உள்ளே இருந்தார்கள். இந்தக் குதிரை இருவரும் உள்ளே நின்று செய்தார்கள்." படித்துவிட்டு, "நல்லா இருக்குடி" என்றாள். காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஒட்டு உள்ளுக்குள் காய இன்னும் பத்து நாளாவது வேண்டும் என்று சொன்னேன். சிறப்பு விருந்தினருக்கு வேறு தேதி இல்லை என்றார்கள். நெல் கொட்டித்தான் ஆக வேண்டும், வாயைத் திறந்து கொட்டிக் காட்டுவதுதான் நிகழ்ச்சியே என்றார்கள். அவள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். சரி என்று விட்டுவிட்டேன். அதற்கு இரண்டு நாள் முன்பே தரைக்கு மெருகு போட வேண்டுமென்று கூடத்தைப் பூட்டிவிட்டார்கள்.

திறப்பு அன்றைக்கு அம்மா ஊதாச் சேலை கட்டிக்கொண்டு என்னோடு ஷேர் ஆட்டோவில் வந்தாள். வாசலில் கோலம், வாழைமரம், நாற்காலிகள். நான் அம்மாவை நேராக வாசல் வழியாகக் கூட்டிப் போனேன். அவள் ஓடி வந்தாள். பட்டுச் சேலை, அவளுடைய அம்மாவின் பழைய அட்டிகை.

"வாங்க ஆயா, நல்லா இருக்கீங்களா? நீங்க ரெண்டு பேரும் பின்னாடி இருங்க, என்ன? ஒற பண்றதக் காட்டணும்ல. விருந்தினரு கூடத்தப் பாத்துட்டுப் பின்பக்கம் வருவாரு. அப்ப நீங்க மண்ணு வளைச்சிகினு இருந்தா நெஜமா இருக்கும்."

"அம்மாவுக்குக் குதிரக் காட்டிட்டு வந்துடறேன். அஞ்சு நிமிஷம்."

"எல்லாம் முடியட்டும்டி. அப்புறமா நானே கூட்டினு போயி காட்றேன் ஆயாவுக்கு."

"இருக்கட்டும் பாப்பா, இருக்கட்டும்" என்று அம்மா ஏற்கெனவே பக்கவாட்டுச் சந்தில் திரும்பிவிட்டாள். அவள் காலுக்கு அந்த வழி மறக்கவில்லை. அது வேறு இடத்தில் கட்டிய வீடாக இருந்தாலும்.

புழக்கடையில் உட்கார்ந்து மண் வளைத்தோம். ஊதாச் சேலையில் சேறு தெறித்தது. உள்ளே கைதட்டல் கேட்டது. நெல் கொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு பின்வாசலில் கூட்டம் வந்து நின்றது. அவள் நிலைப்படிமேல் நின்றாள், பக்கத்தில் விருந்தினரும் கமிட்டிக்காரர்களும். நாங்கள் கீழே. அவள் மைக் இல்லாமலே நன்றாகப் பேசுவாள்.

"உறைய இவங்க இங்க பண்ணுவாங்க சார். உள்ள எடுத்துட்டுப் போயி அடுக்கிறது எங்க வீட்டுப் பெண்கள். அது தனி வேலை. இவங்களுக்கு அது பழக்கமில்ல. இந்தத் தடவ பாருங்க, அடுக்கச் சொன்னா வாயத் தலைகீழா வெச்சிட்டாங்க. நெல்லு எகிறிக் குதிச்சாத்தான் வெளிய வரும்!"

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான், நானே அதற்கு வயிறு வலிக்கச் சிரித்தவள். விருந்தினர் எங்களைக் கை காட்டி, "இவங்க இந்த ஊரா?" என்று கேட்டார்.

"எங்க ஆளுங்க சார். தாத்தா காலத்துலேந்தே."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "குதிருக்குள்ள எறங்கி ஒட்டுப் பூசினது நான்தாங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கெஞ்சல் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

"ஆமாமா, ரொம்ப ஒழைச்சாங்க இவங்க" என்றாள்.

இவங்க. ஒழைச்சாங்க. வாடி போடி என்றவள் மரியாதை கொடுத்தாள். அதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம். அம்மா என் சேலை நுனியைப் பிடித்து உட்கார் என்று இழுத்தாள், விருந்தினரைப் பார்த்துக் கும்பிட்டாள். போட்டோ எடுத்தார்கள்.

கூட்டம் மறுபடி உள்ளே போனதும் நான் மண் கையோடு பின்னாலேயே போய்ப் பலகையைப் பார்த்தேன். அழகான எழுத்து. "உறை வளைத்தவர்கள் இந்த வீட்டுக்கு வெளியே இருந்தார்கள். ஒட்டுப் பூசியவர்கள் உள்ளே இருந்தார்கள்." அதோடு முற்றுப்புள்ளி. என் வாக்கியங்கள்தான், ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துவிட்டிருந்தாள். என் கையாலேயே என்னை வெளியே எழுதிவைத்ததுபோல ஆகிவிட்டது. திரும்பி வந்து அம்மாவை உள்ளே கூப்பிட்டேன். "காலெல்லாம் சேறு. தரைய இப்பத்தான் மெழுகியிருக்காங்க" என்று மாட்டேனென்றாள். அன்றைக்கு அம்மா குதிரைப் பார்க்கவில்லை.

கூடப் படித்தவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெற்கத்திக்காரர்கள் நடுவில் இத்தனை வருஷமாக அவளும் யாரோவாகத்தான் இருந்தாள். நம்பர் போட்டுப் பிரித்து மறுபடி கட்டிய பிறந்த வீட்டில் ஒரு நாளாவது, இந்த வீட்டுப் பெண் நான் என்று நாலு பேர் முன்னால் நிற்க ஆசைப்பட்டாள். இந்த வீட்டுப் பெண் என்றால் கீழே ஆள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் ஓட்டு வீடு. எனக்கு எல்லாம் புரிகிறது. புரிந்ததால் ஆறவில்லை. யாரோ ஒருத்தி அப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அந்தத் தலைகீழ் வாய்க் கதையை நான் அவளை நம்பித்தான் சொன்னேன்.

மறுநாளே மேஸ்திரியிடம் சொல்லிப் பழைய பூங்காவுக்கு மாறிக்கொண்டேன். அவள் இரண்டு முறை போன் செய்தாள், எடுக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் வேறு நம்பரிலிருந்து போன் வந்தது, எடுத்துவிட்டேன்.

"வெச்சிடாதடி. நம்ம குதிரு விரிஞ்சிடுச்சி. மேல் ஒட்டுதான், சுத்தி வாய் பொளந்துகினு நெல்லு சிந்துது. ஸ்கூல் பிள்ளைங்க வராங்க. வந்து பூசிக் குடுத்துட்டுப் போயேன்."

"யாரு குதிரு?"

"என்னடி?"

"நம்ம குதிருன்னு சொன்னியே, யாரு குதிரு? ஒட்டுப் பூசறதுதான் உங்க வூட்டுப் பொம்பளைங்க வேலையாச்சே. தனி வேலை. எங்களுக்குப் பழக்கமில்ல. உங்க குதிர நீங்களே பூசிக்குங்க மேடம்."

போனை வைத்தேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது. ஒரு வாரமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துவைத்த வசனம், ஒரு வார்த்தை பிசகாமல் வந்துவிட்டது. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெச்சுவாள் என்றுகூட எதிர்பார்க்கவில்லை. கேட்டால் போதும் என்றிருந்தது.

அம்மா கீரையைக் கீழே வைத்தாள். "எந்த எடத்துல விரிஞ்சிது?"

"மேல் ஒட்டாம். உனக்கு எதுக்கு?"

"மேல் ஒட்டுன்னா ஏணி போட்டுக் கைய வுட்டே உள்பக்கம் பூசிடலாம்." கொஞ்ச நேரம் ஏதோ கணக்குப் போட்டாள். "அதப் பூசணும்னா வூட்டுக்குள்ளதான போவணும்?"

அவள் எழுந்து பெட்டியைத் திறந்து ஊதாச் சேலையை எடுத்தாள். அன்றைக்குத் தெறித்த சேறு துவைத்தும் போகவில்லை. முந்தானைப் பக்கமாக அதை நீளநீளமாகக் கிழித்துச் சுருட்டிப் பையில் போட்டாள்.

"போனின்னா என்கூடப் பேசாத" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். "உன்ன வெளியவே உக்கார வெச்சவங்கம்மா அவங்க."

"தெரியும்டி" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ நிற்கிற பக்கம் நடந்தாள்.

வேலைக்குப் போகாமல் அந்தப் பகல் முழுக்க நான் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் மேல் வந்த கோபத்தைவிட அம்மா மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. நான் வீசிவிட்டு வந்ததை இவள் போய்க் குனிந்து பொறுக்குகிறாள். சாயங்காலம் ஜெனரல் ஷிப்டு முடிந்து திரும்புகிற பஸ்கள் எல்லாம் போன பிறகு அம்மா வந்தாள். முழங்கை வரை மண் காய்ந்திருந்தது. முகத்தில் நான் பார்த்திராத ஒரு வெளிச்சம்.

"அம்மாடி, என்னா ஒயரம்டி! என் தலைக்கு மேல ஒரு மொழம் நிக்கிது. ஏணி மேல ஏறித்தான் உள்ளாற எட்டிப் பாத்தேன். நெல்ல எறக்கிட்டாங்க, கெணறு கணக்கா இருக்குது. இத்தினி வருசம் இதத்தான் பண்ணிகினு இருந்தமா?"

நான் பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். "எந்த வழியா உள்ள போன?" என்று கேட்டுவிட்டேன்.

"பின்னாடிதான். பாப்பாவே வந்து கூட்டினு போச்சி. ஏணியப் புடிச்சிகினு கூடவே நின்னுச்சி. டீ வாங்கித் தந்துச்சி." அம்மா நிலையில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். "ஸ்கூல் பிள்ளைங்க, டீச்சருங்க எல்லாம் சுத்தி நின்னு பாத்தாங்க. யாரு இவங்கன்னு கேட்டாங்க. 'எங்க ஆளு, எங்க ஆளு'ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிச்சிடி பாப்பா. அவ்ளோ உரிமையா."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சந்தோஷமாக இருந்தாள். 'எங்க' என்பதற்கும் 'நம்ம' என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. கால் கழுவத் தண்ணீர் கேட்டாள். சொம்பில் மொண்டு வந்து ஊற்றினேன்.